அப்பாவுக்கு 'இளமை ட்ரிப்ஸ்' ஏற்றலாமா, மாத்திரையே போதுமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரைக்குப் 11 வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்கு அதைவிட நீண்ட காலமாகக் காலையில் ஒரு பான்டப்ரசோல். மற்றபடி திடமான ஆள்தான். ஆறு மாதமாக மட்டும் "அசதியா இருக்குடா, பாதம் மரத்துப்போன மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அவருடைய வாக்கிங் கூட்டாளி சென்னையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டி, "வயசைத் தள்ளிப்போடுற ட்ரிப்ஸ்யா, ஆறு தடவை போட்டா பத்து வயசு குறையும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

அந்த இடத்துக்கு போன் போட்டு விசாரித்தேன். என்ஏடி பிளஸ், குளுட்டாதயோன், வைட்டமின் சி, பி காம்ப்ளெக்ஸ் என்று மெனு கார்டு மாதிரி படித்தார்கள். ஒரு தடவைக்கு 9,000 ரூபாய். ஆறுக்கும் சேர்த்துக் கட்டினால் 45,000. பேசிய பெண் சொன்னது: "மாத்திரையில 20 பர்சென்ட்தான் சார் உடம்புல சேரும். இதுல 100 பர்சென்ட்."

அப்பாவின் சந்தோஷத்துக்காகச் செலவு செய்ய நான் தயார். அந்த 100 பர்சென்ட் கதை உண்மையா என்று மட்டும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சும்மா வந்தவன்

45,000 ரூபாய்க்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். பாலும் கிடைக்கும், அதை மேய்க்கிற சாக்கில் வாக்கிங்கும் ஆச்சு.

---

கும்பகோணம் மருந்துக்கடை

தம்பி, 26 வருஷமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறேன். சொல்கிறேன், கேளுங்கள்.

100 பர்சென்ட் என்பது பொய் இல்லை. நரம்பில் ஏற்றுவது முழுக்க ரத்தத்துக்குத்தான் போகும், வேறு எங்கே போகப்போகிறது? அதற்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மி.கி. வரை வாயால் சாப்பிட்டால் குடல் கிட்டத்தட்ட முழுவதையும் உறிஞ்சிவிடும். ஒரு கிராமுக்கு மேலே போனால் பாதிகூடச் சேராது. குடல் கெட்டுப்போனதால் அப்படி நடக்கவில்லை, போதும் என்று உடம்பே கதவைச் சாத்துகிறது. அமெரிக்காவில் இளைஞர்களை வைத்து அளந்து பார்த்ததில், தினம் 100 மி.கி. கிடைத்தாலே வெள்ளணுக்கள் நிரம்பிவிடுகின்றன. நடுத்தரக் கொய்யா ஒன்றைத் தின்றாலே அதைத் தாண்டிவிடும். ட்ரிப்ஸில் ஏற்றினால் ரத்தத்தில் அளவு ஐம்பது அறுபது மடங்குகூட ஏறும், வாஸ்தவம். ஆனால் சில மணி நேரத்தில் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். 9,000 ரூபாயில் ஒரு பங்கு பாத்ரூமுக்குத்தான் போகிறது.

எனக்கு ட்ரிப்ஸைவிட அப்பாவின் கால்தான் உறுத்துகிறது. மெட்ஃபார்மினும் பான்டப்ரசோலும் வருஷக்கணக்கில் சேர்ந்து ஓடுகின்றன, இரண்டுமே பி12 வைட்டமின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பாதம் மரக்கிறது, அசதி. சைவமா அவர்? அப்படியென்றால் முதலில் பி12 பரிசோதனை எடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

---

வைகைக்கரை

ஆமாம் ஐயா, சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது. பி12 இதுவரை பார்த்ததே இல்லை. சர்க்கரையால் வருகிற மரப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

---

வார்டு ரவுண்ட்ஸ் (பொது மருத்துவர்)

கடைக்கார ஐயா சரியான நூலைப் பிடித்துவிட்டார். சர்க்கரையாலும் பாதம் மரக்கும், பி12 குறைந்தாலும் மரக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்குப் பாதம் மரத்தால் பி12 பார்க்காமல் விடுவது தப்பு.

ஊசியா மாத்திரையா என்ற சண்டை பி12-ல்தான் நூறு வருஷம் முன்னால் தொடங்கியது. அதில் ஒரு கதை உண்டு, சாப்பாட்டு நேரத்தில் படிக்காதீர்கள். 1920-களின் கடைசியில் பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற மருத்துவர் இருந்தார். ஒருவகைக் கொடிய ரத்தசோகை நோயாளிகளுக்கு மாட்டிறைச்சி கொடுத்தும் குணமாகவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தானே 300 கிராம் இறைச்சியைத் தின்று, ஒரு மணி நேரம் கழித்து வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, அதை நோயாளிகளின் வயிற்றுக்குள் செலுத்தினார். ரத்தம் ஊறத் தொடங்கியது! ஆரோக்கியமான வயிறு ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அது இல்லாமல் இந்தச் சத்து உடம்பில் சேராது என்று கண்டுபிடித்தது அப்படித்தான். அந்தச் சுரப்பு இல்லாதவர்களுக்கு ஊசிதான் வழி என்று ரொம்ப நாள் நம்பினோம்.

அந்த நம்பிக்கையும் முழுசாக நிற்கவில்லை. பி12-ல் ஒரு சதவீதம் போல அந்தச் சுரப்பின் உதவி இல்லாமலேயே குடலில் கசிந்து உள்ளே போய்விடும். 1,000 மைக்ரோகிராம் மாத்திரை போட்டால் 10 மைக்ரோகிராம் சேரும். ஒரு நாளைக்குத் தேவை இரண்டரைக்கும் குறைவு. 1998-ல் வெளியான ஆய்வு ஒன்றில் தினம் 2,000 மைக்ரோகிராம் மாத்திரை, தசையில் போடும் ஊசிக்குச் சளைக்காமல் வேலை செய்தது.

ஆக, 20 பர்சென்ட்தான் சேரும் என்று பயமுறுத்துகிறார்களே, இங்கே ஒரு பர்சென்ட் சேர்ந்தே காரியம் முடிந்துவிடுகிறது.

வைகைக்கரை, ஒரு விஷயம். பி12 குறைவு என்று வந்து, நரம்பு அறிகுறியும் இருந்தால் தொடக்கத்தில் ஊசி போடுவதுதான் வழக்கம். அது கையிலோ இடுப்பிலோ தசையில் போடுகிற சின்ன ஊசி, இரண்டு நிமிஷ வேலை. சாய்வு நாற்காலி வேண்டாம். மாட்டு யோசனையையும் சிரித்துத் தள்ளாதீர்கள், சைவர்களுக்குப் பி12 கிடைக்கிற முக்கிய உணவு வழி பால், தயிர்தான்.

---

ஆயுள்ரேகை (டொராண்டோ)

எல்லோரும் பி12-ஐயே பிடித்துத் தொங்குகிறீர்கள். கேள்வி முதுமையைப் பற்றியது. எனக்கு 58 வயது. இரண்டு வருஷமாக என்எம்என் (உடம்பில் என்ஏடியாக மாறுகிற பொருள்) மாத்திரை எடுக்கிறேன், என்ஏடி பிளஸ் நான்கு தடவை நரம்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வயது கூடக்கூடத் திசுக்களில் என்ஏடி குறைகிறது, அது இல்லாமல் செல்லுக்குள் சக்தி உற்பத்தியே நடக்காது. இது புருடா இல்லை, பாடப்புத்தகத்தில் உள்ளது.

வாய்வழியைவிட நரம்புவழி மேல் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2018-ல் எலிகளில் பார்த்தார்கள். என்எம்என்னை வாயால் கொடுத்தால் பெரும்பகுதி கல்லீரலிலேயே உடைந்து பி3 வைட்டமினின் ஒரு வகையான சாதாரண நிகோடினமைடாக மாறிவிட்டது. நரம்பில் கொடுத்தபோது உடையாமல் பல உறுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டர் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஏற்றும்போது உடம்பே பேசும். இரண்டாவது தடவை நர்ஸ் கொஞ்சம் வேகமாக விட்டார். நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி, வயிற்றைப் பிசைகிற மாதிரி இருந்தது. வேகத்தைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. மூன்று மணி நேரம் ஆனது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

---

சும்மா வந்தவன்

எங்க ஊர் மிளகாய் பஜ்ஜிகூட நெஞ்சை அழுத்தும், வயிற்றைப் பிசையும். வயசு குறைந்ததாகத் தெரியவில்லை அண்ணே.

---

வார்டு ரவுண்ட்ஸ்

ஆயுள்ரேகை சார், எலி ஆய்வை எடுத்துவைத்ததற்கு நன்றி. இந்த இழையில் நரம்புவழிக்காக வந்த ஒரே உருப்படியான வாதம் அதுதான். ஆனால் அதில் நரம்பில் செலுத்தியது என்எம்என், என்ஆர் என்ற முன்னோடிப் பொருள்களை. டிரிப் கடைகளில் ஏற்றுவது என்ஏடி பிளஸ்ஸை. அது பெரிய மூலக்கூறு, பெரும்பாலும் அப்படியே செல்லுக்குள் நுழையாது. வெளியே துண்டாகி, துண்டுகள் உள்ளே போய், மறுபடி கோர்க்கப்பட வேண்டும். மாத்திரை எடுக்கும் அதே சுற்றுவழியை இதுவும் எடுக்கிறது, ஊசிக்குத்து மட்டும் கூடுதல்.

மனிதர்களில்? 2019-ல் 11 ஆண்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. 8 பேருக்கு 750 மி.கி. என்ஏடி பிளஸ்ஸை 6 மணி நேரம் மெதுவாக ஏற்றினார்கள். முதல் 2 மணி நேரம் ரத்தத்தில் என்ஏடி அளவு உயரவே இல்லை. ஏற்றியது உடனுக்குடன் எங்கேயோ கரைந்துகொண்டிருந்தது. அது நல்லதா, வெறும் விரயமா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

மாத்திரைக்காவது கொஞ்சம் கணக்கு இருக்கிறது. 2018-ல் என்ஆர் தினம் 1,000 மி.கி. ஆறு வாரம் கொடுத்ததில் ரத்த அணுக்களில் என்ஏடி 60 சதவீதம் போலக் கூடியது. 2021-ல் என்எம்என் 250 மி.கி. பத்து வாரம், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 25 பெண்களில் பார்த்தார்கள். தசையில் இன்சுலின் வேலை செய்வது மேம்பட்டது. எடை, ரத்த அழுத்தம் எதுவும் அசையவில்லை. அளவு ஏறுகிறது, அதில் எனக்குத் தகராறு இல்லை. அளவு ஏறியதால் ஆள் நன்றாக இருக்கிறாரா என்பதற்குத்தான் இன்னும் சாட்சி வரவில்லை. நெஞ்சு அழுத்தியது சாட்சி ஆகாது, அது பக்கவிளைவு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என்ஏடிக்கு மூலப்பொருள் பி3 வைட்டமின். அது அறவே குறைந்தால் வருவது பெல்லாக்ரா. வெயில் படும் இடமெல்லாம் தோல் கருகி உரியும், பேதி, மனக்குழப்பம். தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு அது வந்துகொண்டிருந்தது, ஹைதராபாத்தில் கோபாலன் குழுவினர் 1960-களில் அதைத் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். அந்த நோயாளியை எழுப்பி உட்காரவைக்க சில ரூபாய் மாத்திரை போதும்.

---

நைட் டூட்டி அக்கா (செவிலியர்)

நான் படித்த ஆய்வு எதுவும் இல்லை. பாட்டில் தொங்கவிட்ட கணக்கு மட்டும் உண்டு, 19 வருஷம்.

எங்கள் ஊர்ப்பக்கம் 'சத்து ட்ரிப்ஸ்' என்றால் மஞ்சள் பாட்டில். பெரியவர்கள் வந்ததுமே "மஞ்சளா போடும்மா" என்பார்கள். வெள்ளையாகத் தொங்கவிட்டால் ஏமாற்றிவிட்டோம் என்று முகம் சுண்டிப்போகும். அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? பாட்டிலில் உடைத்து ஊற்றுகிற ஒரு மல்டிவைட்டமின் ஆம்பூலில் உள்ள ரிபோஃப்ளேவின், அதாவது பி2. மறுநாள் சிறுநீர் மஞ்சளாகப் போவதும் அதனால்தான். மிச்சம்? அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் என்றால் 25 கிராம் சர்க்கரை. டீ கிளாஸில் ஐந்து ஸ்பூன். சலைன் என்றால் நாலரை கிராம் உப்பு.

ஆனாலும் எழுந்து போகும்போது நிஜமாகவே தெம்பாகத்தான் போவார்கள். நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வந்தவருக்கு அரை லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் படுத்திருக்கிறார். நடுவில் நான் நான்கு தடவை வந்து "வலிக்குதா தாத்தா?" என்று கையைத் தொட்டுப் பார்க்கிறேன். வீட்டில் அவரை யாரும் அப்படிக் கேட்டு எத்தனை நாளோ.

பயமும் சொல்கிறேன். வயசானவர்களின் நரம்பு கயிறு மாதிரி புடைத்துத் தெரியும், ஊசி நுனி பட்டதும் வழுக்கி ஓடும். மூன்று குத்து குத்தி, வென்ஃப்ளானை (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) ஒட்டி நிமிர்ந்தால் புறங்கை வீங்கிக்கொண்டு வரும், ட்ரிப்ஸ் நரம்புக்கு வெளியே தோலுக்கடியில் கசிந்துவிட்டது என்று அர்த்தம். இதயம் பலவீனமானவருக்கு அரை லிட்டர் வேகமாகப் போய்விட்டால் ராத்திரி மூச்சு வாங்கும். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு மெக்னீசியம் ஏற்றுவதும் விளையாட்டில்லை. நிறைய வைட்டமின் சி ஏற்றிய கையோடு வீட்டுக் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் சில மீட்டர்கள் சர்க்கரையை இல்லாத உயரத்துக்குக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் என்ன ஆகும்?

எல்லாவற்றையும்விட எனக்குப் பதைப்பது ஒன்றுதான். ஒரே பாட்டிலில் நான்கு ஐந்து ஆம்பூல்களை அவசரமாக உடைத்து, கையுறை இல்லாமல், ஏசி ஹாலில் வைத்துக் கலப்பது. வாய்க்குள் போகிற கிருமியை வயிறு பார்த்துக்கொள்ளும். நரம்பில் நேராக விட்டால் நடுவில் காவல்காரன் யாரும் இல்லை.

---

ஆயுள்ரேகை

அக்கா சொன்னதில் அந்தக் கையைத் தொடுகிற விஷயம் என்னை யோசிக்கவைத்துவிட்டது, மறுக்கமாட்டேன். ஆனால் எல்லாமே மன ஆறுதல் என்று தள்ளிவிடுவதை ஏற்க முடியாது. மையர்ஸ் காக்டெயில் என்று பால்டிமோர் மருத்துவர் ஒருவர் பல வருஷம் ஏற்றி வந்தாரே?

---

வார்டு ரவுண்ட்ஸ்

ஜான் மையர்ஸ். 1984-ல் இறந்துவிட்டார். மெக்னீசியம், கால்சியம், பி வகைகள், சி. இன்று ட்ரிப்ஸ் கடைகளில் நடப்பதெல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்தான். 2009-ல் உடல்வலி நோயாளிகள் 34 பேரிடம் அதை முறைப்படி சோதித்தார்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒரு தடவை காக்டெயில், மீதிப் பேருக்குச் சத்து எதுவும் சேர்க்காத ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். எட்டு வாரத்தில் இரண்டு பக்கத்தாருக்கும் வலி குறைந்தது. இரண்டுக்கும் நடுவில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. அக்கா ஆய்வு படிக்கவில்லை என்கிறார், ஆனால் அந்த ஆய்வின் முடிவைத்தான் வார்டில் தினமும் பார்த்திருக்கிறார்.

குளுட்டாதயோனைப் பற்றி ஒரு வரி. இங்கே அது முதுமைக்கு என்று போர்டு மாட்டினாலும் பாதிப் பேர் நிறம் வெளுக்கத்தான் போகிறார்கள். பிலிப்பைன்ஸ் அரசு 2011-லேயே இந்த ஊசியைப் பற்றி எச்சரித்தது.

---

பூங்காவனம்64

நான் குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எலும்புக்கு என்று ட்ரிப்ஸ் போடுகிறார்கள். முதல் தடவை போட்ட ராத்திரி காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. இதுவும் நீங்கள் சொல்கிற ஏமாற்று வேலைதானா?

---

வார்டு ரவுண்ட்ஸ்

இல்லைம்மா, நிறுத்திவிடாதீர்கள்! அது அனேகமாக ஜோலெட்ரோனிக் அமிலமாக இருக்கும், பெயரைச் சீட்டில் சரிபாருங்கள். அது மருந்து, சத்து இல்லை. 2007-ல் வந்த பெரிய ஆய்வில் மூன்று வருஷத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. முதுமையைத் தள்ளிப்போடும் ட்ரிப்ஸ் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், இடுப்பு உடைந்து படுத்த எத்தனை பேர் மறுபடி எழுந்திருக்கிறார்கள்? முதல் தடவைக் காய்ச்சல் சகஜம், அடுத்த முறை பெரும்பாலும் வராது. போடும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), கால்சியம், வைட்டமின் டி பார்த்திருக்க வேண்டும். பல் பிடுங்குகிற வேலை இருந்தால் முன்னமே சொல்லுங்கள்.

இதே வேலைக்கு வாராந்திர மாத்திரையும் உண்டு. ஆனால் வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், ஒன்றும் சாப்பிடாமல் நிமிர்ந்து இருக்கணும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். கூன் விழுந்த பாட்டியிடம் அதை எதிர்பார்க்க முடியாதபோது ட்ரிப்ஸ் ஜெயிக்கிறது.

---

கும்பகோணம் மருந்துக்கடை

அப்பாடா, ட்ரிப்ஸுக்கும் ஒரு ஓட்டு விழுந்தது. நான் மாத்திரைக்கு எதிராக ஒன்று சொல்கிறேன். மாத்திரை என்றால் சாது என்று நினைக்க வேண்டாம். வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட், வாரத்துக்கு ஒன்று. எங்கள் தெரு ரிட்டயர்ட் வாத்தியார் அதைப் பாலில் போட்டுத் தினமும் குடித்திருக்கிறார், இரண்டு மாதம். தாகம், மலச்சிக்கல், ஆளே பிதற்ற ஆரம்பித்து, கால்சியம் எகிறி ஆஸ்பத்திரியில் படுத்தார். சீட்டில் 'வாரம் 1' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து பாக்கெட் மேலேயே தமிழில் கிழமையை எழுதிக் கொடுக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் 70 தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் வாயால் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. விழுவதும் கூடியது, எலும்பு முறிவதும் கூடியது.

---

சும்மா வந்தவன்

சரி, மாத்திரையில் ஒன்றாவது வயசைக் குறைக்குமா, குறைக்காதா?

---

வார்டு ரவுண்ட்ஸ்

சுவிட்சர்லாந்தில் 70 தாண்டிய 777 பேரை மூன்று வருஷம் பார்த்தார்கள். தினம் 1 கிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கு, டிஎன்ஏ-வில் உள்ள சில அடையாளங்களை வைத்துக் கணக்கிடும் வயது மூன்று மாதம் போலப் பின்தங்கியது. உடற்பயிற்சியும் வைட்டமின் டி-யும் சேர்ந்தபோது ஒரு கணக்கீட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

---

சும்மா வந்தவன்

மூன்று வருஷம் விழுங்கி மூன்று மாசம். எங்க சொசைட்டி வட்டியே இதைவிடப் பரவாயில்லை.

---

வைகைக்கரை

ஏழு வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். அப்பாவுக்குப் பி12 அளவு 148 வந்தது. 200-க்குக் கீழே குறைவு என்று சீட்டிலேயே போட்டிருந்தார்கள். எங்கள் குடும்ப டாக்டர் முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒன்று என்று ஊசி எழுதினார். இனி மாத்திரை. மொத்தச் செலவு ஆயிரத்தைத் தொடவில்லை. அசதி குறைந்திருக்கிறது. பாதத்தில் மரப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் செருப்பு கழன்று விழுந்தால் இப்போது தெரிகிறதாம். முன்பு வீடு வந்து பார்த்தால்தான் ஒற்றைச் செருப்போடு நிற்பது தெரியும்.

அவருக்கு மனக்குறைதான். "இடுப்புல ஒரு குத்து, அவ்வளவுதானா? ஒரு பாட்டில்கூடத் தொங்கவிடல" என்று கம்பவுண்டரிடமே கேட்டுவிட்டார். கூட்டாளி இன்னும் இரண்டு தடவை சென்னை போகணுமாம்.

ஒரு சந்தேகம். அந்தப் பான்டப்ரசோலை இனி நிறுத்திவிடலாமா?

---

கும்பகோணம் மருந்துக்கடை

டக்கென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, நெஞ்செரிச்சல் திரும்பி வரும். 'பார்த்தியா, மாத்திரை இல்லாம முடியல' என்று அப்பா மறுபடி தொடங்கிவிடுவார். எதற்காக எழுதினார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள், தேவையில்லை என்றால் அவரே படிப்படியாகக் குறைப்பார். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

---

வைகைக்கரை

எட்டு மணிக்கா? அவர் பார்க்கிற சீரியல் முடியவே ஒன்பதரை ஆகும் ஐயா. பேசிப் பார்க்கிறேன்.